‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லும் ஆண்டுக்கொரு எலும்பு ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் முதியோரின் எலும்பு நலம் பற்றி வெளிவந்த குறிப்பில், எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு தேவிபட்டினத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரே வாரத்தில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், மருத்துவரிடம் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது இங்கே பலருக்கு வழக்கம். வந்த நால்வரும் முட்டிவலிக்காரர்கள். அவர்கள் கேட்ட ஊசி அவர்களில் எவருக்கும் பயன்படாது. அது யாருக்கு உண்மையிலேயே பயன்படுமோ, அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான்.

குழப்பம் சொல்லில் தொடங்குகிறது. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்ந்து வலிப்பதையும் நாம் தேய்மானம் என்கிறோம். வலி எதுவும் இல்லாமலே எலும்பின் உட்கட்டு மெலிந்து, துளை பெருகி, லேசாக விழுந்தாலே முறிந்துபோகும் நிலைக்கு வருவதையும் தேய்மானம் என்றே சொல்கிறோம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரில் பவளக்கல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது நிலை எளிதில் விளங்கும். பார்வைக்குக் கல், உள்ளே முழுக்கத் துளை. அதை எலும்புப்புரை என்றோ எலும்பு மெலிவு என்றோ தனிப்பெயரால் சொல்ல வேண்டும். ஜோலெட்ரானிக் அமிலம் என்ற அந்த ஊசி இந்த இரண்டாவது நோய்க்கு உரியது. முதலாவதற்கு அது உதவுமா என்பதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முழங்கால் மூட்டு தேய்ந்து, எலும்பின் உட்பகுதியிலும் பாதிப்பு தெரிந்த 223 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கொரு முறை இந்த ஊசியைப் பெற்றவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஏற்றப்பட்டவர்களுக்கும் குருத்தெலும்பு தேய்ந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முட்டிவலிக்காக இதைக் கேட்டு வருபவரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு போட்டு அனுப்புவது எவ்வளவு நியாயம் என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறேன்.

மருந்து வேலை செய்யும் விதத்தைச் சொன்னால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். எங்கள் மாவட்டத்துக் கிணற்று நீரைத் தொடர்ந்து காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். சுரண்டினாலும் எளிதில் போகாது. குழாய்களிலும் கொதிகலன்களிலும் இப்படிச் சுண்ணாம்பு படியாமல் தடுக்க ஆலைகளில் பயன்பட்டுவந்த வேதிப்பொருள்களின் பிஸ்பாஸ்போனேட் என்ற குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்த ஜோலெட்ரானிக் அமிலம். 1960-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடன் பணியாற்றியவர்களும், சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணம் எலும்பு கரைவதையும் தடுக்கும் என்று காட்டினார்கள். நம் எலும்பு ஒரு முறை கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்ட சுவர் இல்லை. ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்க, இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் கரைப்பது கூடிவிடுகிறது, கட்டுவது அதற்கு ஈடுகொடுப்பதில்லை. ரத்தத்தில் ஏறிய மருந்து எலும்பின் மேற்பரப்பில் படிந்திருந்து, அதைக் கரைக்க வரும் உயிரணுவின் உள்ளே போய் அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பதற்குக் காரணம், படிந்த மருந்து எலும்பைவிட்டு எளிதில் நீங்காமல் நீண்ட காலம் தங்குவதுதான். இதில் குருத்தெலும்புக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

பலன் எவ்வளவு என்பதற்கு 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றையே பலரும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 7,765 பெண்கள். வயது 65 முதல் 89 வரை. ஆண்டுக்கு 5 மில்லிகிராம் வீதம் மூன்று ஆண்டுகள். முதுகெலும்பில் புதிய முறிவு, மருந்தில்லாத நீர் ஏற்றப்பட்டவர்களில் 100-க்கு 10.9 பேருக்கும் மருந்து பெற்றவர்களில் 3.3 பேருக்கும் ஏற்பட்டது. இடுப்பு முறிவு 2.5-இலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. இடுப்பு முறிவு 41 சதவீதம் குறைகிறது என்று விளம்பரத் தாளில் அச்சிட்டால் கண்ணைப் பறிக்கும். 100 பேருக்கு மூன்றாண்டு போட்டால் ஏறக்குறைய ஒருவருக்கு இடுப்பு முறிவு தவிர்கிறது என்று சொன்னால் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. இரண்டும் ஒரே கணக்குதான். முதுகெலும்பில் மட்டும் 100-க்கு ஏழு எட்டுப் பேர் தப்பிக்கிறார்கள் என்பது எப்படிச் சொன்னாலும் பெரிய பலன். எங்கள் ஊர்களில் கிழவிகளுக்குக் கூன் விழுவதை வயசு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த முதுகு அப்படித்தான் வளையும் என்று என் அம்மாவைப் பார்த்து நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கூன்களில் பல, யாரும் படமெடுத்துப் பார்க்காத முதுகெலும்பு முறிவுகள்.

அதே 2007-இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் எங்கள் பகுதியில் யாரும் பேசக் காணோம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,127 பேருக்கு, அறுவை முடிந்த 90 நாட்களுக்குள் இந்த ஊசியையோ வெறும் நீரையோ ஏற்றித் தொடர்ந்து பார்த்தார்கள். அடுத்த முறிவு 13.9 சதவீதத்திலிருந்து 8.6 ஆகக் குறைந்தது. இறந்தவர்கள் 13.3 சதவீதத்திலிருந்து 9.6 ஆகக் குறைந்தார்கள். உயிரிழப்பும் குறைந்ததற்கான காரணம் முறிவு குறைந்தது மட்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு முறை எலும்பு முறிந்தவருக்கே இந்த மருந்து முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை நான் புத்தகத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. திருப்பாலைக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு அப்போது வயது 74. ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். உயரத்திலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே சறுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இடுப்பு முறிவு என்பது இதைத்தான். அறுவை சிகிச்சையை நன்றாகவே செய்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வலி மாத்திரை, பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரவும் என்பன இருந்தன. இவ்வளவு லேசான விழுகைக்கு எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வியை அந்தத் தாளில் யாரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பணிக்காலம் முழுவதும் மருந்துச் சீட்டைப் படித்தவன், சொந்த அக்காவின் சீட்டில் இல்லாததைப் படிக்கத் தவறினேன். எட்டு மாதம் கழித்து, ஆனி மாதத்தில், கட்டிலிலிருந்து இறங்கும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகுதான் வேறொரு மருத்துவர், “அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்கு ஏதாவது கொடுத்தார்களா?” என்று கேட்டார்.

முதியவர் ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதுவே எலும்புப்புரைக்குப் போதிய சான்று. மருந்தைத் தொடங்க, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் வசதிக்காக மதுரை வரை போக வேண்டுமே என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுபவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். முறிவு எதுவும் ஏற்படாதவருக்குத்தான் அந்த அளவீடு முடிவெடுக்கத் தேவைப்படுகிறது. அதில், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை எனக் கொள்வார்கள்.

ஆனால் அக்காவுக்கு மறுநாளே ஊசி போட்டுவிடவில்லை, போட்டிருக்கவும் கூடாது. முதலில் வைட்டமின் டி பார்த்தார்கள். மிகக் குறைவாக இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கடற்கரையில் இது எப்படி என்று பலர் வியக்கிறார்கள். வெயில் ஊரில் இருக்கிறது, அது தோலில் பட வேண்டுமே! வீட்டுக்குள்ளேயே காலம் கழிக்கும் முதிய பெண்களுக்கும், உச்சிமுதல் பாதம்வரை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது கிடைப்பதில்லை. வைட்டமின் டி-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருக்கும்போது இந்த ஊசியைப் போட்டால், எலும்பிலிருந்து சுண்ணாம்பு வெளிவருவதை மருந்து தடுத்துவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு சட்டென இறங்கி, கைகால் இழுப்பு வரை போகலாம். நான் மேலே சொன்ன இடுப்பு முறிவு ஆய்விலும், குறைபாடு இருந்தவர்களுக்கும் அளவு தெரியாதவர்களுக்கும் முதலில் வைட்டமின் டி-யை அதிக அளவில் கொடுத்து, இரண்டு வாரம் பொறுத்துத்தான் ஊசி போட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் கேழ்வரகுக் கூழும் எங்கள் ஊர்ச் சமையலில் இருப்பது நல்லதுதான். நெத்திலி தின்றாலே ஊசி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது சிறுநீரகம். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் ஆய்வகத் தாள் இங்கே ஆளை ஏமாற்றும். இந்த மருந்தைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினினை அது வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் ஜோலெட்ரானிக் அமிலம் கூடாது. 78 வயது, 40 கிலோ எடை உள்ள ஒரு பாட்டியின் ரத்தத்தில் கிரியாட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத் தாளில் அதன் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது, ‘நார்மல்’ என்றே வீட்டார் சொல்வார்கள். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய வடிகட்டும் திறன் ஏறத்தாழ 27 தான். அவருக்கு இந்த ஊசி ஆபத்து. மெலிந்த உடம்புக்காரர்களுக்குத்தான் எலும்பும் மெலிந்திருக்கும் என்பதால், மருந்து தேவைப்படுபவரும் மருந்து ஆகாதவரும் பல நேரம் ஒரே ஆளாக இருக்கிறார். இதோடு, உப்பளத்திலும் கருவாடு காயும் மணலிலும் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, இரவில் கடைகளில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊசிக்கு முன் அந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும். அன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். மருந்தை 15 நிமிடங்களுக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிற இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மூன்றாவது, பல். தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரற்றுப் போய் ஈறுக்கு வெளியே தெரியும் ஒரு சிக்கல் இந்த மருந்துகளால் அரிதாக வருகிறது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். புற்றுநோய்க்கு அடிக்கடி போடும்போதுதான் கூடுகிறது. பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறது. வெற்றிலை புகையிலை போடும் எங்கள் கிழவர் கிழவிகளின் வாயில் பிடுங்க வேண்டிய பல் ஒன்றிரண்டு எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஊசி போட்டுக்கொள்வதே முறை.

ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வரும் காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்தின் பெயரைக் கெடுத்தது அதுதான். “அந்த ஊசியைப் போட்டா ஆளையே சாச்சுப்புடும்” என்று தொண்டியில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார். முதல் முறை போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேருக்குக் காய்ச்சல், உடம்புவலி, தலைவலி வருகிறது. மூன்று நாளில் தணிகிறது. இரண்டாம் ஆண்டில் அது 100-க்கு ஏழாகவும் மூன்றாம் ஆண்டில் மூன்றாகவும் குறைந்துவிடுகிறது. பாராசிட்டமால் போதும். இதைப் போடுபவர் முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிவிடுவதால், மழைக்காலமாக இருந்தால் டெங்குவோ என்று பயந்து, தெருமுனைக்குப் போய் வலி ஊசியும் நோய்க்கொல்லி மாத்திரையும் வாங்கி, சிறுநீரகத்துக்கு இல்லாத கேட்டை வரவழைத்துக்கொள்கிறார்கள். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலை ஊசியின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடவும் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

நீண்ட காலம் தொடர்ந்தால் தொடை எலும்பின் நடுப்பகுதி விழாமலே முறியும் அபூர்வமான சிக்கலும் உண்டு. தொடையிலோ கவட்டிலோ வாரக்கணக்கில் விடாத வலி அதற்கு முன்னறிவிப்பு. இதனால்தான் மூன்று ஆண்டுகள் போட்ட பின் நிறுத்தி, நோயாளியின் நிலையை மறுபடி அளந்து பார்க்கிறார்கள். முறிவு அபாயம் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு ஆண்டு வரை நீட்டிக்கிறார்கள்.

‘எலும்பு ஊசி’ என்ற பெயரிலேயே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் வேறு மருந்து, பிஸ்பாஸ்போனேட் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அதைக் கொடுக்க முடியும் என்றாலும், சுண்ணாம்பு இறங்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம். அதன் தவணையைத் தவறவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறிய நேரிடலாம். ஜோலெட்ரானிக் அமிலத்தில் ஓரிரு மாதம் தள்ளிப்போனால் அப்படி நேர்வதில்லை. மகன் கடலுக்குப் போயிருக்கிறான், வந்ததும் அழைத்துப்போவான் என்று காத்திருக்கும் வீடுகளில் இந்த வேறுபாடு சிறியதன்று. வைட்டமின் டி ஊசி, முழங்காலுக்குள் போடும் ஊசி, நாள்தோறும் போடும் டெரிபராடைடு என்று எல்லாவற்றையும் மக்கள் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். எது போட்டார்கள் என்று கேட்டால் “எலும்பு ஊசி” என்பார்கள், சீட்டும் இருக்காது.

மாத்திரை இருக்கும்போது ஊசி எதற்கு என்றும் கேட்கலாம். வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மலிவானது, முறையாக எடுத்தால் பலன் தருவது. ஆனால் விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அடுத்த அரை மணி நேரம் படுக்காமல், காப்பியோ பலகாரமோ தொடாமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடம்பில் ஏறாது. கடல் வற்றும் நேரம் பார்த்து இருட்டோடு பாசி எடுக்கக் கிளம்பும் சின்னப்பாலத்துப் பெண்ணோ, கூன் விழுந்து நிமிர்ந்து உட்கார முடியாத பாட்டியோ இதை ஆண்டுக்கணக்கில் கடைப்பிடிப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு இதே மருந்து 4 மில்லிகிராம் அளவில், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கப்பட்டது. நோயைக் குணப்படுத்த அன்று, எலும்பு முறிவையும் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறுவதையும் குறைக்க. 2017-இல் வெளியான, 1,822 பேர் பங்கேற்ற ஆய்வில், 12 வாரத்துக்கு ஒரு முறை போட்டவர்களுக்கு முறிவு போன்ற சிக்கல்கள் கூடவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு மாதாமாதம் போய்வரும் குடும்பம், தங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். தாங்களாகத் தவணையைத் தள்ளக் கூடாது.

என் வேண்டுகோள்கள் இவை. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இடுப்பு முறிவு அறுவைக்கு முன்போல் மதுரைக்கே ஓட வேண்டியதில்லை. மாவட்டத்தில் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இடுப்பு முறிவு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் தாளில் எலும்புப்புரைக்கான சிகிச்சை என்று ஒரு கட்டத்தை அச்சிட்டு, அதில் மருந்தின் பெயரையோ மருந்து கொடுக்காததற்கான காரணத்தையோ எழுதச் சொல்ல வேண்டும். தையல் பிரிக்க வரும் நாளிலேயே வைட்டமின் டி-யையும் சிறுநீரகத் திறனையும் பார்த்துவிட்டால் அடுத்த சில வாரங்களில் ஊசியைப் போட்டுவிடலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பணியாளர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போதே, “கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, எங்காவது எலும்பு முறிந்ததா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால், அக்காவைப் போன்றவர்கள் இரண்டாவது முறிவுக்கு முன்பே கண்ணில் படுவார்கள்.

தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தங்கள் மருத்துவப் பகுதியில் மூட்டுத் தேய்மானம் என்றும் எலும்புப்புரை என்றும் இரண்டு சொற்களைப் பிரித்து எழுதுங்கள். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால், கத்தரித்து வைத்திருக்கும் நான்கு பேருக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.